ஏரியை மறங்க பாஸ்... கடலைப் படிங்க!

அம்பத்தூரில் ரயில் ஏறி, தூண்டிலோடு பீச்சுக்குக் கிளம்பும் யூத்துக்கு ஒரு கரையோர கைடு

அம்பத்தூர், கொரட்டூர், ஆவடி பக்கம் பிறந்து வளர்ந்த பசங்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தூண்டில் ஒண்ணும் புதுசு இல்லை. ஒரு மூங்கில் குச்சி, நாலு முழம் தங்கூசி, மயிலிறகுத் தண்டில் ஒரு தக்கை, வாழை மரத்தடியில் தோண்டின மண்புழு... ஏரிக்கரையில் உட்கார்ந்தால் சாயங்காலத்துக்குள் குழம்புக்கு நாலு ஜிலேபி தேறிவிடும்!

அந்தத் தைரியத்தில்தான் அடுத்த ஆசை வரும். 'ஏரியிலயே பிடிச்சாச்சு... கடல் என்ன மச்சி, கொஞ்சம் பெரிய ஏரி, அவ்ளோதானே?'

இல்லை பாஸ். ஏரி உங்களுக்கு ஒரு பாடம் சொல்லிக் கொடுத்திருக்கும். தண்ணி அமைதியாக இருக்கும் இடத்தில் மீன் இருக்கும், நமக்கும் ஆபத்து இல்லை என்று. கடற்கரைக்கு அதே பாடத்தை எடுத்துக்கொண்டு போனால் அதில் பாதிதான் சரி. அலை உடையாமல், நுரை இல்லாமல், 'வாடா கண்ணா' என்று கூப்பிடுகிற மாதிரி ஒரு இடம் இருக்குமே... அங்கே மீன் இருக்கும். ஆனால், ஆளை இழுத்துக்கொண்டு போகிற நீரோட்டமும் அங்கேதான் இருக்கும்!

அதனால்தான் தூண்டிலைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் தண்ணியைப் பற்றிப் பேசப் போகிறோம்.

பேருக்குத்தான் பீச் ஸ்டேஷன்!

அம்பத்தூரில் மின்சார ரயில் பிடித்தால் சில வண்டிகள் மூர் மார்க்கெட்டோடு நின்றுவிடும். சிலது நேராக பீச் ஸ்டேஷன் வரைக்கும் போகும். இறங்கி 'எங்கப்பா பீச்?' என்று தேடினால் எதிரே தெரிவது துறைமுகம்தான். ஒரு காலத்தில் அந்தப் பக்கம்தான் அலை அடித்துக்கொண்டிருந்தது. துறைமுகம் இல்லாத மெட்ராஸில் கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆணியே அடிக்காமல் கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய மசூலா படகுகளில்தான் ஆளும் சரக்கும் கரைக்கு வந்தாக வேண்டும். எந்த அலையை விட வேண்டும், எந்த அலையில் ஏற வேண்டும் என்று அந்தப் படகோட்டிகளுக்குத் தெரியும். தெரியாவிட்டால் படகு கவிழும்!

1870-களில் இங்கே துறைமுகம் கட்ட ஆரம்பித்தார்கள். 1881-ல் ஒரு புயல் வந்து கட்டினதைச் சிதைத்துப் போட, மறுபடி கட்டினார்கள். நம் கரையோரமாக வருஷத்தில் பெரும்பாலான மாதங்கள் தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டம் மணலையும் கூடவே அள்ளிக்கொண்டு போகும். அந்த மணலைத் துறைமுகச் சுவர் மறித்தது. தெற்கே தேங்கின மணல்தான் மெரினாவை இவ்வளவு அகலமாக்கியது. வடக்கே ராயபுரம் பக்கம் மணல் வந்து சேராமல் கடல் அரித்தது. அங்கே கரையெல்லாம் கருங்கல்லாக இருப்பது அதனால்தான்.

இந்தக் கதை எதுக்கு என்றால், மணற்கரைத் தூண்டிலுக்குத் துறைமுகத்துக்குத் தெற்கே போங்கள். பீச் ஸ்டேஷனிலிருந்தே பறக்கும் ரயில் இருக்கிறது. மந்தைவெளியில் இறங்கினால் பட்டினப்பாக்கம், திருவான்மியூரில் இறங்கினால் திருவான்மியூர் கடற்கரை. ஈ.சி.ஆர். பஸ் பிடித்தால் நீலாங்கரை தாண்டி கோவளம் வரைக்கும் மணல்தான். கூவம், அடையாறு முகத்துவாரங்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள். நகரத்துச் சாக்கடை கலக்கிற இடத்து மீன் சட்டிக்கு வேண்டாம். போதாததற்கு அங்கே நீரோட்டம் நிமிஷத்துக்கு ஒரு மூடில் இருக்கும்.

பத்து நிமிஷம் சும்மா நில்லுங்க!

கரைக்குப் போனதும் தூண்டிலைப் பையிலிருந்தே எடுக்காதீங்க. மணல் மேடாக இருக்கும் இடத்தில் ஏறி நின்று பத்து நிமிஷம் கடலை வேடிக்கை பாருங்க.

வெளியே ஒரு இடத்தில் அலைகள் வரிசையாக உடைந்து வெள்ளையாக நுரைக்கிறதா? அதன் அடியில் மணல் திட்டு இருக்கிறது என்று அர்த்தம். ஆழம் குறையும்போதுதான் அலை தடுக்கி விழும். திட்டைத் தாண்டி உள்ளே வந்த அலை கொஞ்சம் அடங்கி, மறுபடி கரையில் வந்து உடையும். இந்த இரண்டு வெள்ளைக் கோடுகளுக்கும் நடுவில், கரைக்கு இணையாக, கொஞ்சம் கருத்த நிறத்தில் ஒரு பள்ளம் ஓடும். அதுதான் மீன்களின் மெயின் ரோடு! அலை கிளறிவிடுகிற புழு, சிப்பி, சின்ன நண்டு எல்லாம் உருண்டு வந்து விழுவது அந்தப் பள்ளத்தில்தான். மீனும் சாப்பாட்டுக்கு அங்கேதான் ரவுண்டு வரும்.

இன்னும் கொஞ்சம் பாருங்க. அந்த வெளி வெள்ளைக் கோடு எங்கேயாவது அறுந்திருக்கும். ரெண்டு பக்கமும் அலை உடைய, நடுவில் மட்டும் உடையாத ஒரு சந்து. திட்டில் அங்கே ஒரு வாய்க்கால் இருக்கிறது. வெளியிலிருந்து பெரிய மீன் உள்ளே வரும் வாசல் அது. காலா, கொடுவா, பாறை எல்லாம் அந்த வாசலோரம் காத்திருக்கும். நுரையும் கருந்தண்ணியும் சேருகிற அந்த ஓரத்தில் உங்கள் இரை விழுந்தால் பாதி வேலை முடிந்தது.

மீனுக்கு வாசல்... நமக்கு?

இப்போ மறுபக்கம். அலைகள் திட்டைத் தாண்டித் தண்ணியைக் கரைப்பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. அவ்வளவு தண்ணியும் திரும்பிப் போக வேண்டாமா? சுலபமான வழி அந்தச் சந்துதான். பள்ளத்தில் சேர்ந்த தண்ணி பக்கவாட்டில் ஓடி, சந்தில் ஒன்று சேர்ந்து, கடலை நோக்கிப் பாயும். வேகம் சில சமயம் நொடிக்கு 2 மீட்டர் வரைகூடப் போகலாம். ஒலிம்பிக் நீச்சல் வீரரே எதிர்த்து நீந்த முடியாத வேகம் அது!

அதோடு சென்னைக் கரை பல இடங்களில் சட்டென்று சரியும். முழங்கால் தண்ணி என்று நினைத்து ரெண்டு எட்டு வைத்தால் இடுப்புக்கு வந்துவிடும். மெரினாவில் குளிக்கக் கூடாது என்று போர்டு வைத்து போலீஸ் விரட்டுவது சும்மா இல்லை.

ஆக, ரூல் நம்பர் ஒன்: சந்தின் ஓரத்துக்கு இரையைத்தான் அனுப்ப வேண்டும், நீங்கள் போகக் கூடாது. காலடியில் மணல் ஈரமாக இருக்கும் இடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முள் எங்கேயாவது சிக்கினால் நரம்பை அறுத்துவிடுங்கள். பத்து ரூபாய் முள்ளுக்காக யாரும் தண்ணியில் இறங்க வேண்டாம்.

மீறி யாராவது இழுபட்டால்? கரையை நோக்கி எதிர்த்து நீந்தாதீர்கள், களைத்துப் போவதுதான் மிச்சம். மல்லாந்து மிதந்து, கையைத் தூக்கிக் காட்டுங்கள். நீந்தத் தெரிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்துங்கள். இழுப்பு பெரும்பாலும் குறுகலானது, அலை உடைகிற இடத்தைத் தாண்டினால் அதன் வேகமும் குறையும். நுரை இருக்கும் பக்கம் வந்துவிட்டால் அலையே கரைக்குத் தள்ளும். கரையில் நிற்கும் நண்பன் உடனே குதிக்கக் கூடாது. மூடி போட்ட காலி கேன், டியூப், கயிறு என்று மிதக்கிற எதையாவது வீச வேண்டும், பக்கத்துக் குப்பத்து ஆட்களைக் கூப்பிட வேண்டும். ஒருவரைக் காப்பாற்றப் போய் இன்னொருவரும் போகிற கதை நம் கரையில் ஏகப்பட்டது.

2024 மே 6-ம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் பீச்சில் மருத்துவம் படித்த ஐந்து பேரை அலை கொண்டுபோனது நினைவிருக்கும். அன்றைக்கு 'கள்ளக்கடல்' எச்சரிக்கை இருந்தது. தூரத்து இந்தியப் பெருங்கடலில் எங்கேயோ அடித்த காற்றில் பிறந்த அலை, பல நாள் பயணம் செய்து, இங்கே காற்றே இல்லாத நேரத்தில் திருடன் மாதிரி வந்து ஏறும். அதான் அந்தப் பெயர். ஐதராபாத்தில் இருக்கும் 'இன்காய்ஸ்' என்ற கடல் தகவல் மையம் இதையெல்லாம் முன்கூட்டியே சொல்கிறது. கிளம்புவதற்கு முன் போனில் சினிமா டிக்கெட் பார்க்கிற நேரத்தில் இதையும் ஒரு தடவை பார்த்தால் என்ன குறைஞ்சுடும்?

காலண்டரைக் கிழிக்கும்போது கவனிங்க!

ஏரியில் எந்த நேரமும் ஒரே தண்ணி. கடலில் அப்படி இல்லை. தினமும் ரெண்டு தடவை ஏற்றம், ரெண்டு தடவை வற்றம். நேரம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிஷம் தள்ளிப் போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இந்த ஏற்ற இறக்கம் அதிகம், அஷ்டமி பக்கம் கம்மி. சென்னையில் அதிகபட்ச வித்தியாசமே ஏறத்தாழ 1 மீட்டர்தான். ஆனால், காய்ந்து கிடந்த பள்ளத்தில் அந்த 1 மீட்டர் தண்ணி ஏறினால் மீனுக்குப் புது ஹோட்டல் திறந்த மாதிரி! தண்ணி ஏறும் நேரமும் விடியலும் ஒன்று சேரும் நாள் கிடைத்தால் விடாதீர்கள். சாயங்காலமும் ஓகே. உச்சி வெயிலில் போனால் தலை காய்வதுதான் மிச்சம்.

இன்னொரு ட்ரிக்: வற்றம் இருக்கும்போதே ஒரு தடவை வந்து கரையைப் பார்த்துவிடுங்கள். பள்ளம் எங்கே, திட்டு எங்கே என்று அப்போது படம் போட்ட மாதிரி தெரியும். போனில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். ஆனால், ஒரு புயல் வந்து போனால் அந்த மேப் செல்லாது. மணல் இடம் மாறிவிடும்.

காற்றும் முக்கியம். விடிகாலையில் நிலத்திலிருந்து கடலுக்கு வீசும், தண்ணி தட்டையாக இருக்கும். மதியத்துக்கு மேல் கடற்காற்று ஏறினால் நரம்பு வில்லாக வளையும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் நீரோட்டம் திசை மாறி வடக்கிலிருந்து தெற்கே ஓடும். கடலும் முரட்டுத்தனமாக இருக்கும். புதுசாகப் பழகுபவர்கள் அந்த மாதங்களில் ஏரிக்கரையோடு நிறுத்திக்கொள்வது உத்தமம்.

எஸ்டேட் பசங்களுக்கு ஈஸி!

சாமான்களுக்கு வருவோம். மணற்கரைக்கு 12 முதல் 14 அடி நீளக் கழி வேண்டும். நீளம் எதுக்கு? தூரம் வீச மட்டும் இல்லை, நரம்பு கரை அலையில் படாமல் உயரமாக நிற்கவும்தான். ரீலில் 0.35 மி.மீ. நரம்பு 200 மீட்டராவது இருக்கட்டும். காசிமேடு பக்கம் மீன்பிடிச் சாமான் கடைகளில் நரம்பு, முள், ஈயக்குண்டு எல்லாம் கிடைக்கும். முதல் நாளே காஸ்ட்லி ரீல் வாங்கி உப்புத் தண்ணியில் துருப்பிடிக்க விடாதீர்கள். எதை வாங்கினாலும் வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணியில் அலசுங்கள். அதுதான் அதன் ஆயுசு.

ஈயக்குண்டு 60 முதல் 100 கிராம். நீரோட்டம் பலமாக இருந்தால் குண்டு உருண்டு ஓடிவிடும். அதுக்கு நாலு கம்பி வைத்த, நங்கூரம் மாதிரி மணலைக் கவ்வுகிற குண்டு இருக்கிறது. அம்பத்தூர் எஸ்டேட்டில் வெல்டிங், லேத் என்று இரும்போடு புழங்குகிறவர்களுக்கு அந்தக் கம்பியை வளைப்பது ஒரு வேலையா? கழியை நிறுத்த மணலில் குத்தும் ஸ்டாண்டுகூட மூணடி பி.வி.சி. பைப்பைச் சாய்வாக வெட்டினால் முடிஞ்சுது. ஈயத்தை மட்டும் வீட்டுக்குள் உருக்காதீர்கள், புகை விஷம்.

கட்டும் முறை ரெண்டு போதும். ஒன்று: நரம்பு நுனியில் குண்டு. அதற்கு ஒரு அடி மேலே ஒரு கிளை, இன்னும் ஒன்றரை அடி மேலே இன்னொரு கிளை. கிளை ஒவ்வொன்றும் ஒரு சாண், நுனியில் சின்ன முள். கிழங்கான், கத்தாழை மாதிரி சின்ன மீனுக்கு இது. ரெண்டு: நடுவில் ஓட்டை உள்ள குண்டு நரம்பில் தாராளமாக ஓடும். அதன் கீழே ஒரு ஸ்விவல், அதிலிருந்து ரெண்டு முழம் நரம்பு, பெரிய முள். மீன் இரையைக் கவ்விக்கொண்டு போகும்போது குண்டின் கனம் அதுக்குத் தெரியாது. கொடுவா, காலாவுக்கு இதுதான் தோது.

வீசுறதும் இழுக்கிறதும்

80 கிராம் ஈயத்தை முழு வேகத்தில் வீசும்போது நரம்பு அறுந்தால் அது துப்பாக்கிக் குண்டு! அதனால் நுனியில் தடித்த நரம்பு கட்டாயம். கணக்கு சிம்பிள்: ஒரு அவுன்ஸ் ஈயத்துக்கு 10 பவுண்டு பலம். 80 கிராம் என்றால் சுமார் 3 அவுன்ஸ், ஆக 30 பவுண்டு தாங்கணும். நீளம் கழியைப் போல ரெண்டு மடங்கு. வீசும்போது ரீலில் நாலஞ்சு சுற்று இந்தத் தடித்த நரம்பே இருக்க வேண்டும்.

வீசப் பழக கடற்கரை வேண்டாம், ஆள் இல்லாத மைதானம் போதும். முள் இல்லாமல் குண்டை மட்டும் கட்டி, பின்னால் யாரும் இல்லையா என்று பார்த்துவிட்டு வீசுங்கள். பலத்தைவிட முக்கியம் விடுகிற நேரம். சீக்கிரம் விட்டால் வானத்துக்கு, லேட்டாக விட்டால் காலடிக்கு!

புதுசுகள் செய்யும் முதல் தப்பு, எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு தூரம் வீசுவது. கிழங்கான் அலை உருளும் முதல் பள்ளத்தில், உங்கள் காலுக்குப் பக்கத்தில் மேயும்! முதலில் 15 மீட்டர், அப்புறம் 30, அப்புறம் திட்டு ஓரம் என்று படிப்படியாகப் போங்கள்.

இரைக்கு ஃப்ரெஷ் இறால், மத்தித் துண்டு, கடம்பா. அலை பின்வாங்கும்போது ஈர மணலில் விறுவிறுவென்று புதைகிற குட்டி நண்டு மாதிரி பூச்சிகளைப் பார்த்திருப்பீர்கள். கரையோர மீனின் அன்றாட மெனு அதுதான். மெத்தென்ற இரையை எலாஸ்டிக் நூலால் முள்ளோடு சுற்றுங்கள். இல்லாவிட்டால் வீசும்போது இரை ஒரு பக்கம், முள் ஒரு பக்கம்.

விழுந்ததும் நரம்பை விறைப்பாக்கி, கழியை நிறுத்தி, நுனியைப் பாருங்கள். நுனி படபடவென்று ஆடினால் மீன் என்று எல்லாருக்கும் தெரியும். நரம்பு திடீரென்று தொய்ந்தாலும் மீன்தான்! குண்டைத் தூக்கிக்கொண்டு கரைப்பக்கம் வருகிறது. கடைசி கட்டத்தில் அவசரம் வேண்டாம். அலை உள்ளே வரும்போது கூடவே இழுங்கள். அலை பின்வாங்கும்போது நிறுத்துங்கள், நரம்பு அறுவது அப்போதுதான். அடுத்த அலையே மீனைக் கொண்டுவந்து மணலில் போட்டுவிடும்.

தொடாதே... சாப்பிடாதே... திருப்பி விடு!

கடல் கெளுத்திக்கு முதுகிலும் பக்கத்திலும் விஷ முள். திருக்கைக்கு வாலில். குறடு இல்லாமல் கையால் முள்ளைக் கழற்றாதீர்கள். குத்திவிட்டால், தோல் வெந்துபோகாமல் பொறுக்கிற அளவு சூடான தண்ணியில் அந்த இடத்தை முக்கி வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பலூன் மாதிரி ஊதும் பேத்தை மாட்டினால் அப்படியே விட்டுவிடுங்கள். அதன் விஷத்துக்கு மாற்று மருந்து கிடையாது, சமைத்தாலும் போகாது.

கொடுவா ஒரு அதிசயம். ஆணாகப் பருவத்துக்கு வந்து, வளர்ந்த பிறகு பெண்ணாக மாறுகிற மீன்! சாந்தோம் நெடுஞ்சாலையில் இருக்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம்தான் 1997-ல் இந்தியாவிலேயே முதல்முறையாக இதைப் பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்ய வைத்தது. யோசித்துப் பாருங்கள், சின்னக் கொடுவாவை எல்லாம் சட்டியில் போட்டுவிட்டால் நாளைக்குத் தாய் மீன் எங்கிருந்து வரும்? குட்டியை மறுபடி தண்ணியில் விடுகிறவன்தான் அடுத்த வருஷமும் மீன் பிடிப்பான்.

அந்தக் கரை ஒருத்தர் வீட்டு வாசல்

பட்டினப்பாக்கமோ திருவான்மியூரோ, நீங்கள் நிற்பது மீனவர் குப்பத்து வாசலில். அலை உடையாத சந்து என்று சொன்னோமே, அதில்தான் அவர்கள் ஃபைபர் படகும் கரையேறும். படகு வருவது தெரிந்தால் நரம்பைச் சுற்றிவிடுங்கள். கரைவலை வளைத்து ரெண்டு பக்கமும் கயிறு இழுத்துக்கொண்டிருந்தால் அந்த இடத்தில் வீசவே கூடாது. யார், எங்கே, எந்த முறையில் வலை போடுவது என்பதற்கெல்லாம் கடற்கரையில் ஒரு ஒழுங்கு உண்டு. பழவேற்காடு ஏரியில் 'பாடு' என்று முறை வைத்தே மீன் பிடிக்கிறார்கள். நமக்கு அது ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்கு, அவர்களுக்கு அடுப்பு எரிய வேண்டும். ஒரு வணக்கம் போட்டு, 'அண்ணே, இன்னிக்குத் தண்ணி எப்படி?'ன்னு கேளுங்கள். எந்த வீடியோவும் சொல்லாத விஷயம் கிடைக்கும்.

இன்னொரு விருந்தாளியும் உண்டு. தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் இதே மணலில் முட்டை போட ராத்திரியில் வரும். 1988 முதல் சென்னை மாணவர்கள் அமைப்பு ஒன்று நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ராத்திரியில் நடந்து அந்த முட்டைகளைக் காப்பாற்றி வருகிறது. அந்த மாதங்களில் டார்ச்சைக் கண்டபடி அடிக்காதீர்கள். அறுந்த நரம்பை மணலில் விட்டுவிட்டு வராதீர்கள். ஆமைக் கழுத்துக்கும் பறவைக் காலுக்கும் அது சுருக்குக் கயிறு.

பையில் இருக்கா?

* குறடு, சின்னக் கத்தி
* மூடி போட்ட காலி கேன், 10 மீட்டர் கயிறு
* குடிதண்ணி, தொப்பி, முதலுதவிப் பெட்டி
* அறுந்த நரம்பு போட ஒரு டப்பா
* கூட ஒரு நண்பன். தனியாகப் போகாதீர்கள்!

ஒண்ணுமே மாட்டவில்லையா? முகத்தைத் தொங்கப் போடாதீர்கள். 2024-ல் லூப் ரோட்டில் திறந்த நவீன மீன் அங்காடி இருக்கவே இருக்கு. ஒரு கிலோ வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு அம்பத்தூர் வண்டியைப் பிடியுங்கள். வீட்டில் யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டால் அது உங்க பாடு!

ஆனால், மீன் இல்லாமல் திரும்பினாலும் கரையில் நின்று 'அதோ திட்டு, அதோ பள்ளம், அதோ அந்தச் சந்தில் கால் வைக்கக் கூடாது' என்று பக்கத்தில் குளிக்க இறங்கும் பசங்களுக்குக் கை நீட்டிக் காட்ட முடிந்தால், அன்றைக்கு நீங்கள் கடலைப் படித்துவிட்டீர்கள் என்று அர்த்தம். மீன் அடுத்த வாரமும் வரும்.